வெளி என்ற சொல்லுக்குப் பொருள்

ஓசூர்ப் பக்கம் கம்பெனிகள் வராத காலம். தேன்கனிக்கோட்டைக்கு அருகே எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் நான்காம் வகுப்பு. வீட்டில் பேசியது கன்னடம். அந்த வாசனையில் வெல்லத்தைப் பெல்லம் என்பேன்; வகுப்பே சிரிக்கும். கடைசியில் எனக்குப் பெயரே ‘பெல்லம்’ ஆகிவிட்டது.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கரும்பலகையில் ‘வெளி’ என்று எழுதி, அதற்கு என்னென்ன பொருள் தெரியும் என்று கேட்டார். நன்றாகச் சொல்பவருக்கென்று ஒரு நோட்டுப் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் நோட்டு இருந்ததில்லை.

மணியக்காரர் மகன் எழுந்து, மைதானம், ஆகாயம் என்றான். அடுத்து நான் எழுந்தேன். வாத்தியார் முகம் வெளிறியது.

“காலையில வெளிக்குப் போறது, சார்.”

கூரை அதிரச் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். “இன்னும் இருக்குதாம்மா?”

“வெளியே நில்லுன்னு சொல்றது. மணியக்காரர் வூட்டுல வேலைக்குப் போனா எங்கம்மாவ அப்பிடித்தான் சொல்லுவாங்க.”

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்து, இந்தச் சொல் எப்படி வந்திருக்கும் என்று கேட்டார். நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

“நாங்க பெல்லங்கிறத நீங்க வெல்லம்பீங்க. பெள்ளின்னா வெள்ளி. எங்கம்மா விடியக்காலம் ‘பெளகாய்த்து, ஏளு’ன்னு எழுப்பும். வெளுத்துருச்சு, எந்திரின்னு அர்த்தம். அந்த வெளுப்புலருந்துதான் வெளி வந்திருக்கும், சார். வெளுத்தாத்தானே முன்னால எவ்ளோ எடம் கெடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும்?”

இன்ஸ்பெக்டர் எழுந்து என் பெஞ்சு வரைக்கும் நடந்து வந்தார். “நீ சொல்றது சரியாத்தாம்மா இருக்கும்” என்று நோட்டை என் கையில் கொடுத்தார். அன்றைக்கு நான் தரையில் நடந்த ஞாபகமே இல்லை.

சாயங்காலம் அப்பா அந்த நோட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். கை கழுவியவர்களுக்கு மட்டும் தொடக் கொடுத்தார். நான் அவருக்கு முன்னால் நடந்தேன். என்னைப் பெல்லம் என்று கூப்பிட்டவர்களெல்லாம் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

அம்மா நோட்டைப் பார்க்கவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, நான் சொன்ன பதில்களை ஒவ்வொன்றாகக் கேட்டாள். ‘வெளியே நில்லு’ என்றதும் கிளறிக்கொண்டிருந்த கை நின்றது. அதையும் அவர் எழுதிக்கொண்டாரா என்று கேட்டாள்.

இல்லை, அதை மட்டும் எழுதவில்லை என்றேன். அது அவருக்கு முன்பே தெரிந்த பொருளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.