மீனுக்குச் சுத்திப் போட்ட உப்பு

போன வருஷம் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போனபோது, தன் ஃபைட்டர் மீனை எங்களிடம் விட்டுப் போனாள். கருநீல நிறம், உடம்பைவிடப் பெரிய வால். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு விழுப்புரத்துக்கு வீடியோ கால் வரும். "சாப்டியாம்மா?" என்று ஒரு வார்த்தை கிடையாது. "மீனக் காட்டு" என்பாள். காட்டுவேன். பார்த்துவிட்டு வைத்துவிடுவாள். பெற்றவளுக்கு மீனுக்குள்ள மரியாதைகூட இல்லை. ஆனால் மீன் இருக்கிற வரைதான் இந்த போன் வரும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

அந்த வால் ஒருநாள் நைந்த புடவைத் தலைப்பு போல ஓரத்தில் கிழிய ஆரம்பித்தது.

வீட்டுக்காரருக்கு வேலை திண்டிவனத்தில். அங்கே ஒரு மீன் கடையில் விசாரித்துவிட்டு, டாக்டராகவே பஸ்ஸிலிருந்து இறங்கினார். "வால் அழுகல் நோயாம். தனியா ஒரு பக்கெட்ல உட்டு, தெனம் தண்ணி மாத்தி, கல்லுப்பு துளியூண்டு போடணும். ஜாஸ்தி போட்டா காலி."

உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாத மனுஷன், காலையில் ஸ்பூனில் தட்டித் தட்டி அளந்தார். கரைத்த தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒரு நாளாவது என் குழம்பை இவ்வளவு கவனமாக ருசி பார்த்திருப்பாரா?

ஒரு வாரம் ஆனது. வால் பாதியாகிவிட்டது. மகளுக்கு மீனின் முகத்தை மட்டும் காட்டினேன். "ஏன் பக்கெட்ல கெடக்குது?" என்றாள். "தொட்டி கழுவிக்கினு இருக்கோம்டி" என்று புளுகினேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எதிர்வீட்டு அம்மா வந்து, "அடேயப்பா, இன்னா வாலு!" என்று வாயைப் பிளந்த மறுநாள்தானே இது ஆரம்பித்தது? திருஷ்டிக்கு ஸ்பூன் வைத்தியம் என்ன செய்யும்!

அவர் பஸ் ஏறியதும், ஒரு கை கல்லுப்பு, மூன்று காய்ந்த மிளகாய் எடுத்தேன். ஊர் கண்ணு, உறவுக் கண்ணு என்று பக்கெட்டை மூன்று சுற்று சுற்றினேன். தூ தூ என்றேன். சுற்றிய உப்பைத் தண்ணீரில் கரைக்க வேண்டும், இல்லையா? கல்யாணம் ஆன நாள் முதல் பழகிய கை, எதிரே இருந்த தண்ணீரில் அத்தனையையும் போட்டுவிட்டது.

எதிரே இருந்தது பக்கெட்.

ஐயோ, மீன் விலுக்கென்று துள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. டீ வடிகட்டியால் அள்ளி, அவர் மறுநாளுக்குப் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் விட்டேன். பாவி, மகள் போனையும் சேர்த்துக் கொன்றுவிட்டேனே என்று தரையில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து மீன் என்னைத் திரும்பிப் பார்த்தது. பழைய தண்ணீரைக் கொட்டி, வடிகட்டியை மூன்று தடவை கழுவி வைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அதற்கப்புறம் வால் அழுகுவது நின்றது. பத்துப் பதினைந்து நாளில் ஓரத்தில் கண்ணாடி மாதிரிப் புதுசாக முளைத்தது. மகளிடம் வால் அழுகிய கதையைச் சொல்லி, புது வாலைக் காட்டினோம்.

"இன்னாப்பா மருந்து போட்டே?"

"உப்புதான். நான் ஸ்பூன்ல போட்டேன், வேலைக்காவல. உங்கம்மா ஒரு கை போட்டா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிரித்தார். "பக்கெட் அடியில ஒரு மொளகா ஒட்டிக்கினு இருந்திச்சி. மீனுக்குத் தாளிக்கவா போட்டிருப்பே?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு நடுவில் குரல் உடைந்துவிட்டது. "எனக்கும் சுத்திப் போடும்மா. உன் மூஞ்சியப் பாத்தா அழுகை வருதுன்னுதான் தெனம் மீனக் காட்டச் சொல்றேன்."

இத்தனை மாதம் இந்தக் குழந்தையைத்தானா திட்டிக்கொண்டிருந்தேன்?

ஓடிப்போய் உப்பு அள்ளி வந்து, போனை மூன்று சுற்று சுற்றினேன். கண் மறைத்தது. வீட்டுக்காரர் அவசரமாக மீன் பக்கெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, ஒரு சொம்புத் தண்ணீரை என் முன்னால் நகர்த்தினார்.