பதினெட்டு வாசலில் ஒரே பதில்

சர்வேயை நடத்தும் மேடம் படிவங்களைச் சீட்டுக்கட்டு மாதிரி மேஜையில் பரப்பி வைத்திருந்தார். மொத்தம் பதினெட்டு வீடு. பதினெட்டிலும் கடைசிக் கேள்விக்கு ஒரே பதில்: மாதம் ஐந்து ரூபாய்.

"இதையெல்லாம் எங்க உக்காந்து எழுதினே?" என்று கேட்டார்.

எதிரே நின்ற பெண், என்னிடம் பயிற்சி பெற்ற நான்கு பேரில் ஒருவர். ஆராய்ச்சிதான் செய்வேன் என்று குரோம்பேட்டையில் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். அந்தப் பள்ளியில் அவர் இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று.

"உக்காரவே இல்ல மேடம். வாசல் வாசலா நின்னுதான் எழுதினேன்."

"நாலு பேர்ல மூணு பேருக்கு வேலை லெட்டர்ல கையெழுத்துப் போட்டாச்சு. லிஸ்ட் இன்னிக்கு சாயங்காலம் போயாகணும். உன் லெட்டர் என் பையிலதான் இருக்கு. பொய்க்கணக்கு எழுதறவங்களை நான் வச்சுக்க மாட்டேன்."

தொண்ணூறுகளின் நடுவில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் நடந்தது இது. பம்மல் பக்கம் தோல் கம்பெனிக் கழிவு இறங்கிக் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. கெட்டுப்போன தண்ணீருக்குச் சந்தையில் விலை கிடையாது. அதனால் ஜனங்களையே கேட்பது என்று ஒரு முறை. 'உங்கள் கிணறு பழையபடி நல்ல தண்ணீர் தரும் என்றால், அதற்காக மாதம் எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பீர்கள்?' அப்படி ஒரு திட்டம் கிடையாது, யாரும் பணம் வாங்கப் போவதும் இல்லை. அந்தக் கற்பனைக் கேள்வியை மிரட்டாமல், கெஞ்சாமல், பேரம் பேசாமல் கேட்பதற்குத்தான் பயிற்சி. பயிற்சியாளர் நான். அந்த முறையை நானே படித்து முடித்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒத்திகையில் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு குடும்பத் தலைவியாக நடித்தேன். பாடத்தைவிட அது நன்றாக வந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

மேஜையில் அந்தப் படிவங்களைப் பார்த்ததுமே எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. அவர் பொய் எழுதவில்லை. எப்படித் தெரியும் என்பதைச் சொல்ல முடியாத இடத்தில் நான் இருந்தேன். மின்விசிறியைப் பார்த்தேன்.

"நேர்லயே போய்ப் பாத்துடலாமே மேடம்" என்றேன். என் தைரியம் அவ்வளவு தூரம்தான் போயிற்று.

மூவரும் பஸ் ஏறினோம். மேடம் முன் இருக்கையில், மடியில் பையுடன். அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. பல்லாவரம் தாண்டும்போது நான் ஒரு ஜோக் அடித்தேன். கண்டக்டர்கூடச் சிரிக்கவில்லை.

பம்மலில் அந்தத் தெருவில் நுழைந்தபோது தோல் வாடை எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. முதல் வீட்டில் லுங்கி கட்டிய ஒருவர் வந்தார்.

"போன வாரம் தண்ணியைப் பத்தி இந்தப் பொண்ணு வந்து ஏதாவது கேட்டாங்களா?" என்றார் மேடம்.

அவர் அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லியே. யாரும் வர்லியே."

"அண்ணா, நான்தான். உங்க பாப்பாகூட எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டுச்சே!"

"எங்கூட்ல ஸ்டூலே கெடையாதும்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார். சாத்தும் முன்பு அவருக்குப் பின்னால் ஸ்டூல் தெரிந்தது. மேடம் உயரத்துக்குத் தெரிந்திருக்காது.

இரண்டாவது வீட்டிலும் யாரும் வரவில்லை என்றே சொன்னார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மாள், தான் ஊரிலேயே இல்லை என்றார். நான்காவது வீட்டில் நாங்கள் கேட்பதற்கு முன்பே "ஒண்ணும் தெரியாது" என்று பதில் வந்தது.

அந்தப் பெண் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சார், நீங்களாவது சொல்லுங்க. நான் அப்படி எழுதுவேனா?" என்று என்னைத்தான் கேட்டார்.

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும். போலாம்."

தெருமுனையில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாக நின்றன. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள்.  மேடம் நாலடி நடந்துவிட்டார்.

"மேடம், பொய்ப் படிவம்னா இப்படி இருக்காது."

அவர் திரும்பினார். "எப்படி இருக்கும்?"

"ஒரே நம்பரா இருக்காது. ஒண்ணு ஆறு, ஒண்ணு பன்னெண்டு, நடுவுல ஒரு வீட்ல முடியாதுன்னு எழுதணும். பேனாவை மாத்திக்கணும். கையெழுத்தைக் கொஞ்சம் சாய்க்கணும். ஏமாத்தறவன் பதினெட்டு வீட்டுக்கும் அஞ்சுன்னு எழுதிட்டு வந்து நிக்க மாட்டான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதியிருக்கேன் மேடம். படிக்கிறப்போ, மண்ணெண்ணெய் சர்வே. மழை. தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் டீக்கடையில உக்காந்து பன்னெண்டு வீட்டை முடிச்சேன். ஒரு வீட்ல ஒருத்தருக்கு மஞ்சக்காமாலைன்னுகூடப் போட்டேன், நம்பறதுக்காக."

 குடவரிசையிலிருந்து பெரிய சிரிப்பு ஒன்று கிளம்பியது. பச்சைப் புடவை கட்டிய ஒரு அக்கா இடுப்புக் குடத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா சார் இது, நீயே ஃப்ராடா? அப்ப நீங்க டாக்ஸ் ஆளுங்க இல்லியா?"

"டாக்ஸா? எந்த டாக்ஸ்?"

"பின்ன? ஞாயித்துக்கெழம வந்து வூட்டுக்கு வூடு சாக்பீஸ்ல நம்பர் போட்டது நீதான? நம்பர் போட்டா அப்பால வரிச்சீட்டுதான் வரும். அத்தொட்டு இந்த லைன்ல நின்னுகினே பேசிகினோம். யாரும் அஞ்சுக்கு மேல வாயத் தொறக்கக் கூடாது. ஒருத்தி பத்துன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் பத்து போட்டுடுவான்ல?"

"இப்ப ஏன் யாரும் வரலன்னு சொன்னாங்க?" என்றார் மேடம்.

"ஆபீசர் கணக்கா நீ கெளம்பி வந்துகீறியே! பெரிய பேஜாரா பூடும்னு வாய மூடிகினாங்க." பிறகு அந்தப் பெண்ணைக் காட்டினார். "இந்தப் பொண்ணு பாவம். வெயில்ல நின்னு நின்னு எழுதிச்சு. எங்கூட்டாண்ட ரெண்டு சொம்பு தண்ணி வாங்கிக் குடிச்சுது. லாரித் தண்ணிதான்."

நம்பர் போட்டது நானேதான். எந்த வீட்டை எடுப்பது, எதை விடுவது என்று குழம்பாமல் இருக்க, பயிற்சிக்கு முந்தைய ஞாயிறு அழகாக வட்டம் போட்டு எழுதினேன். வீட்டுக்காரர் ஒருவரிடமாவது காரணம் சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. கேள்வியை மிரட்டாமல் கேட்க மூன்று நாள் பாடம் எடுத்தவன், கேட்பதற்கு முன்பே தெரு முழுவதையும் மிரட்டி வைத்திருந்தேன்.

மேடம் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். வைக்க இடமில்லை. அந்த அக்கா ஒரு காலிக் குடத்தைக் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் வைத்து மேடம் கையெழுத்துப் போட்டு அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. ஆனா இந்தப் பதினெட்டும் செல்லாது. வேற தெருவுல, நம்பர் போடாம, முதல்லேர்ந்து."

"சரி மேடம்" என்றார் அந்தப் பெண். குரல் அப்போதுதான் உடைந்தது.

பிறகு மேடம் என் பக்கம் திரும்பினார். "அந்தப் பன்னெண்டு வீடு எந்த ப்ராஜெக்ட், யார்கிட்ட குடுத்தீங்க, எல்லாத்தையும் எழுதிக் கொண்டாங்க. திங்கக்கிழமை."

திரும்பும் பஸ்ஸில் அந்தப் பெண் உட்கார்ந்துகொண்டார், எனக்கு முன் இருக்கையில். கடிதத்தை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். பம்மல் தாண்டியதும் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: "மாடியில வச்சே உங்களுக்குத் தெரியும், இல்லையா சார்?"

தெரியும் என்றேன்.

"நாலு வீடு வரைக்கும் பாத்துட்டு இருந்தீங்க."

 அவர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். திங்கட்கிழமை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அடுத்த குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு எனக்கு வரவில்லை.