நம்ம பிளேன்

நேற்று மாலை மகளின் பாலர்பள்ளி வேலைக்காக வண்ணக் காகிதத்தில் விமானம் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். பசை வாசம் என்னை ஸ்கூடாய் வீட்டிலிருந்து நான் வளர்ந்த காஹாங்குக்கு இழுத்துப்போனது. பள்ளியில் மூன்றாம் படிவம் படித்தபோது சரித்திரப் பாடத்துக்கு நான் வெட்டி ஒட்டிச் செய்த தொகுப்பேட்டிலும் இதே வாசம்தான்.

ஜப்பான்காரன் வருவதற்கு முன் எங்கள் ஊர்ப்பக்கம் வெள்ளைக்காரன் போட்ட விமானத் திடலைப் பற்றியது அது. பகைவரின் கப்பல்களை விமானங்கள் கடலிலேயே மூழ்கடித்துவிடும் என்று நம்பியவர்களை நான் சும்மா விடவில்லை. அவர்களுடைய ஒவ்வொரு தப்புக் கணிப்புக்குக் கீழும் சிவப்பு மையில் கோடு. சிரிக்காதீர்கள், பதினைந்து வயதில் நான் பெரிய நீதிபதி.

அதை நான் எழுதிக்கொண்டிருந்தபோது, டிவி பார்த்துக்கொண்டிருந்த சின்னத் தாத்தா எட்டிப் பார்த்தார். அப்பாவின் சித்தப்பா அவர். திடலுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மேலே பறப்பதெல்லாம் நம் விமானம்தான், கை காட்டுங்கள் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொன்னதை, கணக்கெழுதும் கிராணி தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தாராம்.

"ஜப்பான்காரன் பிளேனு வந்தப்ப எல்லாரும் ஓடுனோம். அக்கா மட்டும் நின்னு கை காட்டுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா லா. ஒம்போது வயசோட போச்சு அது."

மறுபடி டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அதை எழுதவில்லை. பாடப்புத்தகத்தில் இல்லாததை எழுதினால் மதிப்பெண் குறையுமோ என்று பயம். நிறைய மதிப்பெண் கிடைத்தது.

நேற்று பசை காய்வதற்குள், சன்னல் கண்ணாடி அதிர ஒரு போர்விமானம் போனது. மகள் என் மடியில் ஏறிக்கொண்டாள்.

"பயப்படாதடா, நம்ம பிளேன்தான்," என்றேன்.

யாருடையது என்று எனக்குத் தெரியாது. அவளோ உடனே இறங்கி வாசலுக்கு ஓடி, வானத்தைப் பார்த்துக் கை காட்டினாள். அந்தக் கையைப் பிடித்து இறக்குவதா, விட்டுவிடுவதா? நான் முடிவு செய்வதற்குள் சத்தம் அடங்கிவிட்டது. இன்னும் முடிவு செய்யவில்லை.

சின்னத் தாத்தா இப்போது இல்லை. லயம் இருந்த இடத்தில் செம்பனைத் தோட்டம். காஹாங் வீட்டைக் காலி செய்தபோது தொகுப்பேடும் பழைய பேப்பரோடு போனது. அப்பாவுக்குப் போன் செய்து அந்த அக்காவின் பெயரைக் கேட்டேன்.

"சித்தப்பா அக்கான்னுதாம்மா சொல்வாரு. பேரு கேட்டதில்லையே."

நானும் கேட்டதில்லை.