வயிற்றில் இறங்கிய காற்று

தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்பது தெரிய வந்தபோது எனக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. குழந்தை இல்லை. அதற்காக அலைந்து, அலைச்சலையும் நிறுத்திச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முதலியார்பேட்டையில் வீடு, ரெட்டியார்பாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை. காலையில் பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன். கண்டக்டர் எழுப்பாவிட்டால் வில்லியனூர் போய்த்தான் கண் விழிப்பேன். வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் ஒயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு மிஷினைக் கொடுத்தார்கள். செருப்புப் பெட்டி அளவு இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் மூக்கை மூடும் மாஸ்க். ராத்திரி முழுக்கக் காற்றைத் தள்ளித் தொண்டை அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் அப்படி ஒரு பொருளை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பார்க்கவும் கூடாது என்றார் என் கணவர்.

"பொம்பள கொறட்ட விடறான்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்காத" என்றார். யாராவது வந்தால் மிஷின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடுவார்.

மிஷினைக் குறை சொல்ல மாட்டேன். முதல் வாரத்திலேயே பஸ்ஸில் தூங்குவது நின்றது. பல வருடமாகத் தலைக்குள் இருந்த மூட்டம் கலைந்தது. ஆனால் தொண்டைக்குள் போக வேண்டிய காற்றில் பாதி வயிற்றுக்குள் போயிற்று. தூக்கத்தில் நானே அதை விழுங்கிக்கொண்டிருந்தேன். விடிந்து எழுந்தால் வயிறு கல் மாதிரி விறைத்திருக்கும். விலா எலும்புக்குக் கீழே குத்தும், தோள்பட்டை வரைக்கும் வலி ஏறும். பாவாடை நாடாவை எவ்வளவு தளர்த்தினாலும் போதாது. புடவைக் கொசுவம் முன்னால் தூக்கிக்கொண்டு நிற்கும். ஏப்பம் வந்துகொண்டே இருக்கும். கீழ்வழியாகவும் போக வேண்டுமே, அதற்கு வகுப்பை விட்டுவிட்டுக் குழாயடிப் பக்கம் போய் நிற்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

வீட்டில் ஓமத் தண்ணீர் வந்தது. உருளைக்கிழங்கு நின்றது, பருப்பு நின்றது. ரசத்திலிருந்து மோர் வரை பெருங்காயம் மணத்தது. நான் எதையும் தின்று இந்த வயிறு வரவில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும், என் கணவர் கேட்கிறவர்களிடம் எல்லாம் "கேஸ் ட்ரபிள்" என்றார். டாக்டரிடமும் அதையேதான் சொன்னார். டாக்டர் நான் பேசும்போதும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். போகப் போகப் பழகிவிடும் என்று அவரிடமே சொல்லி அனுப்பினார்.

எனக்குத் தெரியாமல் பள்ளிக்கூடத்தில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியை என் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றினார். பக்கத்து வகுப்பு டீச்சர் பெரிய மார்க்கெட் போய் வரும்போது எனக்கென்று மாங்காய் வாங்கி வந்தார். நல்ல மனது என்று நினைத்து வாங்கி, உப்பு தொட்டுத் தின்றேன். ஒருவர்கூட என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்.

கேட்டவள் என் நாத்தனார்தான். கணவரின் தங்கை, பாகூர் பக்கம் விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அவள் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. கல்யாண மண்டபத்தில் சீர்த்தட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் ஓடிவந்து என் வயிற்றில் கை வைத்தாள். கண்ணில் தண்ணீர்.

"எங்கிட்டகூட மறச்சிட்டீங்களே அண்ணி. எத்தினி மாசம்?"

சுற்றிலும் பெண்கள். எல்லாரும் என் வயிற்றைப் பார்த்தார்கள். என் கணவர் இரண்டடி தள்ளி நின்று அதைக் கேட்டார். கேட்டுவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டார். நான் கேஸ் ட்ரபிள் என்று சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று அவர் காத்திருந்தார். அந்த நிமிஷம் அவர் மேல் வந்த கோபத்தை இன்றைக்கும் என்னால் ஆற்ற முடியவில்லை.

"மாசமும் இல்ல, ஒண்ணும் இல்ல. காத்து" என்றேன். மண்டபம் கேட்கிற குரலில்தான் சொன்னேன். "நான் கொறட்ட விடறேன். தூக்கத்துல மூச்சு நின்னு போவுது. மூக்குல காத்தடிக்கிற மிஷின் போட்டுக்கினு படுக்கறேன். அந்தக் காத்துதான் வயித்துல நிக்குது."

நாத்தனாரின் கை சிறிது நேரம் அங்கேயே இருந்தது. அப்புறம் எடுத்துக்கொண்டாள். அவள் சந்தோஷம் நிஜமானது. அதை நான் எல்லார் முன்னாலும் உடைத்தேன். உடைக்க வேண்டிய நிலைமையை யார் கொண்டுவந்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஸ்கூட்டரில் வரும்போது கணவர் முணுமுணுத்தார். இத்தனை பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்றார்.

"மூச்சு நிக்கறது எனக்கு. மானம் போறது மட்டும் உங்களுக்கா?" என்று கேட்டேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு மிஷினைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர், சார் வரவில்லையா என்றார். மிஷின் போட்டுக்கொள்வது நான்தான், நான் வந்திருக்கிறேன் என்றேன். பழகிவிடும் என்று மறுபடியும் ஆரம்பித்தார். நான் எழுந்திருக்கவில்லை. "தட்டிப் பாருங்க டாக்டர்" என்று வயிற்றைக் காட்டினேன்.

அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பரிசோதித்தார். விரலால் தட்டியபோது மேளம் மாதிரி சத்தம் வந்தது. அதற்கப்புறம் கேள்விகள் வந்தன. மூக்கு அடைக்கிறதா, காலையில் வாய் உலர்ந்து போகிறதா, எந்தப் பக்கம் படுக்கிறீர்கள். மல்லாந்துதான் படுக்கிறேன், குழாய் சிக்கிக்கொள்ளும் என்ற பயம் என்றேன். பழைய ரிசல்ட்டை எடுத்துப் பார்த்தார். மல்லாந்து படுப்பதற்குத் தேவையான காற்றழுத்தத்தை மிஷினில் வைத்திருந்தார்கள். ஒருக்களித்துப் படுத்தால் அவ்வளவு தேவையே இல்லை. அழுத்தத்தைக் குறைத்தார். மூச்சை வெளியே விடும்போது காற்று தணிகிற மாதிரி மிஷினில் ஒரு வசதி இருந்தது, அதையும் போட்டுவிட்டார். மூக்கடைப்புக்கு மருந்து எழுதினார். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தச் சொன்னார். அவ்வளவுதான் வைத்தியம்.

"நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"சொன்னேன் டாக்டர். நீங்க அவரப் பாத்துக்கினு இருந்தீங்க."

மருந்துச் சீட்டை என் கையிலேயே கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் கணவர் எங்கிருந்தோ செங்கல் கொண்டுவந்து தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே வைத்திருந்தார். இரண்டு பேரும் தூக்கத்தில் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டு போனோம். ஆனாலும் அவர் செங்கல்லை எடுக்கவில்லை. மிஷின் மேல் துண்டு போடுவதையும் விட்டுவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக வயிறு இறங்கியது. முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சளி பிடித்தால் இன்றைக்கும் பழையபடி உப்புகிறது. ஆனால் நிமிர்ந்து நின்று பாடம் நடத்த முடிந்தது.

பள்ளியில் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். மாங்காய் வாங்கித் தந்த டீச்சர் ஒரு நாள் மத்தியானம் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடவுள் இருக்கிறார், மனதைத் தளரவிடாதீர்கள் என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. எனக்குக் கரு கலைந்துவிட்டதாக அவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, ஸ்டாஃப் ரூமில் இருந்த எல்லாருக்கும் மூக்கிலிருந்து வயிறு வரைக்கும் பாடம் எடுத்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் தன் வீட்டுக்காரரும் மூச்சு முட்டி எழுகிறார், எங்கே காட்ட வேண்டும் என்று கேட்டார்.

நாத்தனார் பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. மாசிமகத்துக்குக் கடற்கரைக்கு வந்தவள், மனது கேட்காமல் சாப்பிட வந்தாள். சாப்பிட்டதும் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தாள். நான் அடுப்படியில் பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தேன். அவள் குறட்டை கேட்டது. திடீரென்று நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மார்பு ஏறுகிறது, காற்று உள்ளே போகவில்லை. உலுக்கி எழுப்பினேன். திணறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

உனக்கும் இதுதான், நாளைக்கே என்னோடு வா என்றேன்.

"பொம்பளைங்களுக்கு ஏது அண்ணி அதெல்லாம்? வெய்யில்ல நடந்த அசதி" என்றாள்.

எவ்வளவோ சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. அவளும் பதிலுக்குக் கத்திவிட்டு, காபிகூடக் குடிக்காமல் பாகூர் பஸ் ஏறிவிட்டாள். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ரத்த அழுத்தம் ஏறி மாத்திரையில் விழுந்திருந்தாள். இப்போது அவளும் மிஷின் போட்டுக்கொள்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் வீணாகப் போன அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.