பொம்மையின் பெண்டாட்டி

போன வாரம் ஷேர் வேனில் பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலப்பன்சாவடியில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்தி, போனில் பழைய கார்ட்டூன் போட்டுச் சிரித்துக்கொண்டு வந்தாள். அதில் ஒரு பொம்மைப் பொம்பளை புருஷனை வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தக் குரல் என்னுடையது. சொன்னால் நம்பவா போகிறாள்? இப்போது தொண்டை கரகரத்துவிட்டது, முன்பல்லும் ஒன்று கம்மி. ஆனாலும் வேன் முழுக்க என் குரல் கேட்டபோது நிமிர்ந்துதான் உட்கார்ந்தேன்.

அம்பத்தூரில் ஒரு செருப்புக்கடைக்கு மேலே இருந்தது டப்பிங் ஸ்டூடியோ. ரெக்ஸின் வாசம் மாடி வரைக்கும் வரும். இன்றைக்கும் புதுச் செருப்பு வாங்கினால் எனக்கு வசனம் பேச வாய் ஊறும். வெளிநாட்டுத் தொடர், ஓயாமல் சண்டை போடும் ஒரு ஜோடியின் கதை. பெண்டாட்டிக்கு நான் குரல்; அவள் புருஷனை வாய்க்கு வாய் 'மாமா' என்பாள்.

என் வீட்டுக்காரர் அங்கேயே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், ஆனால் யார் எதைச் சொன்னாலும் மனசில் ஏற்றிக்கொள்வார். "யாரோ ஒருத்தன மாமா, மாமான்னு கூப்புட்றாளாமே உன் பொண்டாட்டி" என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டலடிக்க, ஒருநாள் காலையில் இட்லித் தட்டை நகர்த்திவைத்தார்.

"நான் வோணுமா, அந்த மைக்கு வோணுமா? சாயந்தரம் கேப்பேன், சொல்லிடு."

டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் பஸ் ஏறிவிட்டேன். அன்றைக்கென்று வந்த எபிசோடைப் பாருங்கள்! பெண்டாட்டிக்குத் தன்மேல் பாசம் இருக்கிறதா என்று பார்க்க, எல்லாம் மறந்துபோன மாதிரி நடிக்கிறான் குண்டுப் புருஷன். விஷயம் தெரிந்து அவள் பெட்டியோடு வாசலில் நின்று அழ வேண்டும்.

எழுதியிருந்த வசனத்தை விட்டுவிட்டேன். "இத்தினி வருசம் உன்கூடக் குப்பை கொட்னவகிட்ட இப்பப் போயி பரீட்சை வெக்கிறியா நீ?" என்று ஆரம்பித்தவள்தான், நிஜமாகவே அழுதுவிட்டேன்.

கதவு படாரென்று திறந்தது. எண்ணெய் படிந்த சட்டையோடு என் வீட்டுக்காரர். பதில் கேட்க, வீடு வரைக்கும் பொறுமையில்லாமல், ஷிப்ட் முடிந்து நேராக வந்து வெளியே காத்திருந்திருக்கிறார்.

"இன்னாமே ஆச்சு? எவன் இன்னா சொன்னான்?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. பொம்மை அழுவுது, அவ்ளோதான்."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காலையில் தான் கேட்டது அப்போதுதான் உறைத்தது போல, முகம் தொங்கிப்போயிற்று.

"அதே மாரி இன்னொரு வாட்டி பேசு. நான் வெளிய கீறேன்."

டேக் கெட்டுப்போன எரிச்சலில் இருந்த டைரக்டரே சிரித்துவிட்டார். மறுபடி பேசினேன். என் வசனத்தையே வைத்துக்கொண்டார்கள்.

திரும்பும் வழியில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. எபிசோட் வந்த ஞாயிற்றுக்கிழமை, கிண்டலடித்தவர்களையெல்லாம் வீட்டுக்குக் கூட்டிவந்து டிவி முன்னால் உட்காரவைத்தார். பொம்மை அழுததும், "சத்தம் போடாதீங்கடா, இது என் ஊட்டுக்காரி சொந்தமா பேசுனது" என்றார். எந்தக் கைத்தட்டலும் எனக்கு அதற்கு அப்புறம்தான். அதன்பின் மாமியார், மருமகள், பேசும் பூனை என்று வருஷக்கணக்கில் பேசினேன்.

ஸ்டூடியோவை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அவருடைய பட்டறை குடோனாகிவிட்டது. அவரும் போய்விட்டார். ஒரே டிவி முன்னால் தெருவே நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே நேரத்தில் சிரித்த அந்த ஞாயிற்றுக்கிழமைகள் இப்போது யார் வீட்டிலும் இல்லை.