அண்ணையின் முதல் புள்ளடி

என் அண்ணைக்கு ஐம்பத்தொன்பதாவது வயதில்தான் டென்மார்க் குடியுரிமை கிடைத்தது. இந்த நாட்டுக்கு வந்து முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு. மொழிச் சோதனையில் நாலு தரம் கோட்டை விட்டு ஐந்தாம் தரம் தாண்டினார். நாட்டறிவுச் சோதனையில் இரண்டு தரம் மண்ணைக் கவ்வினார். கடைசியில் விபோர்க் கொம்யூன், அதாவது நகரசபை, மண்டபத்தில் மேயரின் கையைக் குலுக்கிவிட்டு வந்தார். குலுக்கிய கையை அன்று முழுக்க எதிலும் படாமல் தனியாக வைத்துக்கொண்டு திரிந்தார். தங்கச்சி நான் சிரித்தேன். எனக்குச் சிரிப்பு இலகுவாக வரும். அண்ணையைப் பார்த்தால் இன்னும் இலகுவாக வரும்.

கொம்யூன் தேர்தலில் குடியுரிமை இல்லாதவர்களும் சில வருடம் இங்கே இருந்தால் வாக்களிக்கலாம். அண்ணை ஒருநாளும் போனதில்லை. "அது ரோட்டுக்கும் குப்பை வாளிக்கும் போடுறது. நான் போட்டா நாட்டுக்குத்தான் போடுவன்" என்பார். ஊரில் அவருக்கு வயது வந்தபின், தேர்தல் நடந்தபோது பகிஷ்கரிப்பு என்று ஊர் வாக்குப் போடப் போகவில்லை, ஊர் போகத் தயாராக இருந்தபோது தேர்தல் நடக்கவில்லை. ஆகவே அறுபதைத் தொடுகிற மனுசன் ஒரு வாக்குச்சீட்டைக் கையால் தொட்டதில்லை. உக்ரைனில் போர் தொடங்கிய அந்த வசந்தத்தில் சர்வஜன வாக்கெடுப்பு ஒன்று அறிவித்தார்கள். தபாலில் வந்த வாக்காளர் அட்டையை அண்ணை சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து ஒரு செவ்வரத்தம்பூவும் வைத்தார். முதல் வாக்கு பிழையாகப் போய்விடக்கூடாது, சரியாக விழவேண்டும். வாக்கெடுப்புக்கு இருந்த இரண்டு வாரமும் அவருக்கு வேறு கவலையே இருக்கவில்லை.

கேட்ட கேள்வி இதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் இராணுவ வேலைகளில் சேராமல் ஒதுங்கி நிற்க டென்மார்க் முப்பது வருடத்துக்கு முன் ஒரு விலக்கு வாங்கி வைத்திருந்தது. இனி அது வேண்டாம் என்று எடுத்துவிடலாமா? எடுக்கலாம் என்றால் 'ஆம்', இருக்கட்டும் என்றால் 'இல்லை'. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் கட்சிக்காரர்கள் மின்கம்பத்துக்கு மின்கம்பம் விளம்பர மட்டை கட்டினார்கள். ஒரே கம்பத்தில் மேல்மட்டை 'பாதுகாப்புக்காக ஆம்' என்றது, கீழ்மட்டை 'பாதுகாப்புக்காக இல்லை' என்றது. அதைக் கட்டியவர்களுக்கே வெட்கம் வந்திருக்கவேண்டும்.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தார். நானும் போனேன், பொழுதுபோக்குக்கு. வடையும் தேத்தண்ணியும் முடிந்தபிறகு செயலாளர் எழும்பி, "நாங்கள் எல்லாரும் ஒரே குரலாப் போடவேணும். அப்பதான் எங்களுக்கு மதிப்பு" என்றார்.

"என்ன குரல்?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"அதைத்தான் கதைச்சு முடிவெடுப்பம்."

இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். எங்கள் நாட்டில் நடந்ததெல்லாம் கதையில் வந்தது. இந்திய அமைதிப்படை வந்தது, சமாதானம் பேசிய நோர்வே வந்தது. டென்மார்க் மட்டும் வரவில்லை. கடைசியில் நான் எழும்பி, "இதில வோட்டு இருக்கிற ஆக்கள் ஒருக்காக் கையை உயர்த்துங்கோ" என்றேன். முன்வரிசையில் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்திய ஆறு பேரில் இரண்டு கை உயர்ந்தது. செயலாளரின் கை உயரவில்லை. அவர் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான் வைத்திருந்தார், அதையும் பெருமையாக. ஒரே குரலில் போடவேண்டும் என்று சொன்னவருக்குப் போடுவதற்கு ஒரு வாக்குமில்லை. கூட்டம் முடிந்து வரும்போது அண்ணை மட்டும், "அவர் சொன்னதிலயும் ஒரு நியாயம் இருக்குத்தானே" என்றார். எந்த நியாயம் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளைக்காரர் மட்டும் என்ன திறம் என்று நினைக்கவேண்டாம். நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தி தொலைக்காட்சி விவாதத்தில் யார் யாரை இடைமறிக்கிறார் என்று பார்த்து, கூடுதலாக இடைமறிக்கிறவருக்கு எதிராகப் போடப்போவதாகச் சொன்னாள். மூன்றாம் மாடியில் இருக்கும் அம்மா ஒருவர் ஐரோப்பா என்று எது வந்தாலும் ஐம்பது வருடமாக 'இல்லை' போட்டு வருகிறவர். கேள்வியை வாசித்துக் காட்டவா என்று கேட்டேன். என்னத்துக்கு என்று கேட்டார். படித்த நாடு, பேப்பர் வாசிக்கும் நாடு என்று எங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் இவர்கள்தான்.

அண்ணை கண்ணில் பட்ட எல்லாரிடமும் எதற்குப் போடுவது என்று கேட்டார். தன் கதவுத் தொழிற்சாலையில் கேட்டார். மேல்வீட்டில் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்க்காரரிடம்கூடக் கேட்டார். அந்தத் தம்பி கணினி வேலைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. "சார், இதுல யோசிக்கவே ஒண்ணுமில்ல, சிம்பிள்" என்று தொடங்கி முக்கால் மணித்தியாலம் விளக்கினாராம். ஓல்போர்க்கில் படிக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அவள் டேனிஷில், "அப்பா, அதை நீங்களே தீர்மானிக்கவேண்டும். அதுதானே வாக்கு" என்று சொல்லி வைத்துவிட்டாள். உருப்படியாக ஒரு வார்த்தை சொன்னது அந்தப் பிள்ளை ஒருத்திதான். அண்ணைக்கு அது கோபம்.

வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்பு, வேலை முடிந்து வந்த பின்னேரம், ஒரு கடதாசி ஒற்றையை மடித்துக்கொண்டு என் குசினிக்கு வந்தார். நடுவே கோடு கிழித்து ஒரு பக்கம் 'ஆம்', மறுபக்கம் 'இல்லை' என்று போட்டுக் காரணங்களை வரிசையாக எழுதியிருந்தார். தலைப்பில் வழக்கம்போல் பிள்ளையார் சுழி. கடைச் சாமான் எழுதும் துண்டு, வாழ்த்து மட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கு எழுதும் லீவுக் கடிதம், எதுவானாலும் அண்ணைக்கு மேலே அந்த 'உ' வேண்டும். அடியில் இரண்டு கோடும் அதன் கீழ் ஒரு புள்ளியும். அந்தப் புள்ளி அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு, வேறு எவரும் வைத்து நான் பார்த்ததில்லை. மொழிச் சோதனைத் தாளிலும் போட்டவர்தான். பிள்ளையார் நாலு தரம் கைவிட்டதையும் அவர் பிள்ளையார்மேல் பிழையாகச் சொல்லவில்லை.

"பிள்ளை, ரெண்டு பக்கமும் ஒன்பது ஒன்பதா நிக்குது. நீ தேர்தல் வேலை செய்யிறனி. நீ சொல்லு" என்றார்.

கொம்யூன் என்னை வாக்குச்சாவடி உதவியாளராக எடுப்பது அது மூன்றாவது தடவை. அதற்குத் தரும் அடையாளப் பட்டியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இன்று யோசித்தால் கூசுகிறது.

"நான் சொல்லக்கூடாது அண்ணை. சட்டம்" என்றேன். வீட்டுக் குசினியில் அப்படி ஒரு சட்டமும் இல்லை.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

முப்பத்துமூன்று வருடம் காத்திருந்து சீட்டில் ஒரு புள்ளடி, ஒரு பெருக்கல் குறி, போடப் பதறுகிற மனுசனைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பகிடியாகவும் இருந்தது. "போய்ப் பிள்ளையாரை நினைச்சுக்கொண்டு போடுங்கோ. அவர் பாத்துக்கொள்ளுவார்" என்றேன். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை. ஒற்றையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்று போனார்.

வாக்கெடுப்பு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில் நடந்தது. அண்ணை மகளின் பட்டமளிப்புக்கு என்று தைத்து வைத்த கோட் சூட்டை முதல்தரம் போட்டுக்கொண்டு, பத்து மணிக்கே வந்து என் வரிசையில் நின்றார். பிறந்த திகதியைக் கேட்பது எங்கள் வேலை. டேனிஷில் கேட்டேன். கூடப் பிறந்தவளுக்குத் தன் பிறந்த திகதியை நிமிர்ந்து நின்று சொன்னார். சீட்டை இரண்டு கையாலும் வாங்கினார். திரைக்குப் பின்னால் போனவர் வர நேரமானது. வெளியே காத்திருந்த கிழவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அண்ணை மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டு, அது உள்ளே விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்று, என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினோம். ஜூன் மாதத்து வெயில் அப்போதும் மண்டபத்து யன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. பாணும் கோப்பியும் தந்தார்கள். பிறகு பெட்டிகளை மேசைகளில் கொட்டிப் பிரிக்கத் தொடங்கினோம். ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம், வெறுஞ்சீட்டு, செல்லாத சீட்டு. எங்கள் மேசைக்குத் தலைவி ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. செல்லாதவற்றைப் பார்ப்பதுதான் எங்களுக்குக் கொண்டாட்டம். ஒருவர் சீட்டில் ஆம் பெட்டிக்கும் இல்லை பெட்டிக்கும் நடுவில் இதயம் கீறியிருந்தார். ஒருவர் 'எல்லாரும் முட்டாள்கள்' என்று எழுதியிருந்தார். அவருடைய வாக்கை மட்டும் செல்லுபடியாக்கவேண்டும் என்று நான் சொல்ல, மேசை முழுக்கச் சிரித்தது.

எதிர்ப்பக்கத்தில் இருந்த தாடிக்காரர் இன்னொரு சீட்டைத் தூக்கி, "இது என்ன? மேலே பாம்பு கீறியிருக்கிறார்கள்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு சீட்டு கைமாறி என்னிடம் வந்தது.

உ. கீழே இரண்டு கோடு. கோட்டுக்குக் கீழ் ஒரு புள்ளி.

அதற்கும் கீழே, பெட்டிக்குள் புள்ளடி. நாலு ஓரத்திலும் முட்டாமல், நடுவில், நேராக. அன்று நான் தொட்ட சீட்டுகளில் அவ்வளவு கவனமாகப் போட்ட புள்ளடி வேறு இல்லை. எதற்குப் போட்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லமாட்டேன்.

என் முகத்தைப் பார்த்த ஆசிரியை, "இது என்னவென்று உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எங்கள் ஆட்கள் எதை எழுதத் தொடங்கினாலும் மேலே போடுவது. கடவுளுக்காக. வாக்கு தெளிவாகத்தானே இருக்கிறது?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, கெஞ்சுகிற குரல்.

அவர் பண்பான மனுசி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "தெளிவாக இருக்கிறது. ஆனால் வேறு குறி இருந்தால் செல்லாது. அதை வைத்து இது யாருடையது என்று ஒருவர் கண்டுபிடித்துவிடலாம் அல்லவா?" என்றார்.

கண்டுபிடித்த ஆள் அவருக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தது. பொறுப்பதிகாரியை அழைத்துக் காட்டினார்கள், அவரும் அதையே சொன்னார். இதயத்துக்கும் முட்டாள்களுக்கும் மேலே அண்ணையின் சீட்டை நானே வைத்தேன்.

அடுத்தநாள் காலை அண்ணை வந்தார். பெரிய வித்தியாசத்தில் 'ஆம்' வென்றிருந்தது. ஒரு சீட்டால் எதுவும் மாறியிருக்காது. அதைச் சொல்லி என்னை நானே தேற்றிப் பார்த்தேன், எடுபடவில்லை.

"நீ சொன்ன மாதிரித்தான் செய்தனான்" என்றார். முகம் மலர்ந்திருந்தது. "நினைக்கிறது மட்டும் போதாதெண்டு மேல ஒரு சுழியும் போட்டனான். பிறகு கை தானா ஒரு பக்கம் போச்சுது. என்ர வோட்டும் அந்த எண்ணிக்கைக்குள்ள இருக்கும் என்ன?"

"ஓம் அண்ணை. என்ர கையால எடுத்து வைச்சனான்" என்றேன். ஊர் முழுக்க முட்டாள் என்று அளந்து திரிந்தவளுக்கு அந்த ஒரு காலையில் உண்மை சொல்லத் தைரியம் வரவில்லை.

அந்த இலையுதிர் காலத்திலேயே பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அண்ணை அட்டையைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்தார். இனியும் மூடி வைத்தால் இந்த வாக்கும் அதே குவியலுக்குத்தான் போகும். அவர் வீட்டு மேசையில், தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணை, இந்தமுறை சீட்டில சுழி போடாதேங்கோ. புள்ளடி மட்டும்" என்றேன்.

"ஏன்?"

"செல்லாமல் போயிடும்."

அவர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அப்ப இதுதான் முதலாவது" என்றார்.

கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபிக்கவில்லை. எழும்பிப் போய் அட்டையை எடுத்துத் துடைத்து, திரும்ப வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்.

"அண்டைக்கு அந்த மேசையில அதைப் பாத்துச் சிரிச்சவையோ?"

"ஓம்."

"நீயும் சிரிச்சனியோ?"

"ஓம் அண்ணை" என்றேன். "நானும்தான்."