பயமும் பழமும்

குடையை மடக்கிச் சுவரில் சாய்க்கிறவரைக்கும் சவரியம்மாள் டீச்சர் நம்மைப் போலத்தான் பேசுவார். "இன்னா புயுக்கம் கர்ணம் ஐயா, மய வர்றாப்பல கீது" என்று என்னிடம் சொல்லிக்கினே தெருவில் வருவார். பள்ளிக்கூட வாசற்படியைத் தாண்டிக் குடை சுவரில் சாய்ந்ததோ இல்லையோ, நாக்கு மாறிவிடும். "பிள்ளைகளே, மழை வரும்போல் இருக்கிறது. பலகைகளை உள்ளே எடுத்து வையுங்கள்." அதே வாய்தான். பார்த்தீர்களா, அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கே 'சொல்லிக்கினே' என்று வந்துவிட்டது. இருக்கட்டும், அதை அடித்துத் திருத்தவில்லை.

டீச்சருக்குச் சொந்த ஊர் முகையூர். உலகச் சண்டை தொடங்கிய வருஷம் பெருமுக்கல் மலைக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தார். கூரை போட்ட ஒற்றை அறை, அதற்கு ஒற்றை டீச்சர். புருஷன் மாசிலாமணி விழுப்புரம் ரயில்வேயில் என்ஜினுக்குக் கரி தள்ளுகிறார். சனிக்கிழமை திண்டிவனத்தில் இறங்கி, பெட்ரோல் பஞ்சத்துக்கு வந்த கரி பஸ் ஓடினால் பஸ்ஸில், ஓடாவிட்டால் நடையில் வந்து சேருவார். பஸ் ஓடாத சனிக்கிழமைதான் அதிகம்.

வந்த புதிதில் சேரிப் பிள்ளைகளுக்குத் தனிப் பாய் விரிக்கச் சொல்லி ஊரில் நாலு பேர் போய் நின்றார்கள். "பாயி ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு வாங்கிக் குடுத்தீங்கன்னா சந்தோசம். அதுலயும் எல்லாப் புள்ளைங்களையும் கலந்துதான் ஒக்கார வெப்பேன்" என்றார். வெளியே நின்று சொன்னதால் நம் பாஷையிலேயே சொன்னார். போனவர்கள் பாய் வாங்கித் தரவில்லை. ஆனால் கொஞ்ச நாளில் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய கைக்குழந்தைக்குத் தூளி பள்ளிக்கூட உத்தரத்தில்தான் தொங்குகிறது. தூளிக் கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பார். குழந்தை சிணுங்கினால் வாய்ப்பாடு வேகமாக ஓடும். மூத்தவள் அம்மணி பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருப்பாள். பள்ளிக்கூடப் படிக்குள்ளே அவள் 'அம்மா' என்று கூப்பிடக் கூடாது. ஒருநாள் கல்லில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு "அம்மா" என்று அலறினாள். டீச்சர் திரும்பவில்லை. அழுகைக்கு நடுவே "டீச்சர்" என்று அவள் திருத்திச் சொன்ன பிறகுதான் ஓடி வந்து தூக்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதுவும் ஒரு பெண்ணா என்று நினைத்தேன். சாயங்காலம் அவர் வீட்டுப் பக்கம் போனால், மகளின் காலை மடியில் போட்டு மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டபடி, மகளைவிட அதிகமாக அவர் அழுதுகொண்டிருந்தார். கோபம் போன இடம் தெரியவில்லை.

அவருக்கு ஒரே பகை, 'ய'. எங்கள் பக்கத்தில் பழம் என்று எவன் சொல்கிறான்? பயம்தான். வாழை வாயை, கோழி கோயி. ஆண்டவன் தமிழுக்குக் கொடுத்த ழகரத்தை எங்கள் ஊர் தொட்டதே இல்லை. டீச்சர் விடுவாரா? காலையில் வந்ததும் வேப்பம்பழம் ஒன்றைத் தூக்கிப் பிடிப்பார். "பயம் இல்லை, பழம். பயம் என்று சொல்லக் கூடாது, பழம் என்று சொல்ல வேண்டும்." பிள்ளைகள் கூரை அதிரத் திருப்பிச் சொல்வார்கள். வேப்பம்பழம் இல்லாத மாதங்களில் புளியம்பழம்.

இதிலேதான் வினை வந்தது.

ஊரில் பெரிய பண்ணை கோதண்டபாணி. வேர்க்கடலை, எங்கள் பக்கத்து மல்லாட்டை, பறிக்கிற நாளில் அவருக்குச் சின்னக் கைகள் வேண்டும். அவை பாயில் உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொண்டிருந்தால் வயிறு எரியாதா? "இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு மண்ணும் படிக்கிறதில்ல, இத எடுத்துட்டுப் பெருமுக்கல் பள்ளிக்கூடத்தோட சேத்துடுங்க" என்று பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்கு மனுப் போட்டார். பெருமுக்கலுக்கு ஓடையைத் தாண்டிப் போக வேண்டும். எங்கள் ஊர்ச் சின்னப் பெண்களில் ஒருத்தியும் போக மாட்டாள். அதற்குத்தான் மனு.

இன்ஸ்பெக்டர் வந்தார். அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்பதால் நானும் கூடப் போய் ஓரமாக நின்றேன். பண்ணையும் வந்து நின்றார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். தூணுக்குப் பின்னால் ஒளிந்த பொன்னியைக் கூப்பிட்டார். பொன்னி கோதண்டபாணியிடம் கூலி வேலை செய்கிற பூமாலையின் பெண்.

"வா அம்மா. உனக்கு என்ன பயம்?"

பொன்னி நிமிர்ந்து நின்றாள். "பயம்னு சொல்லக் கூடாதுங்க ஸார். பழம்னு சொல்லணும்."

நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன். இன்ஸ்பெக்டருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பலகையில் ஒரு வரி எழுதிப் படிக்கச் சொன்னார். 'நாய் வயலைத் தாண்டிக் கோயிலுக்குப் போயிற்று.' பொன்னி கணீரென்று படித்தாள்: "நாழ் வழலைத் தாண்டிக் கோழிலுக்குப் போழிற்று." இன்னொரு பையனைக் கேட்டார். அவனும் நாழ். ய என்றாலே தப்பு என்று பிள்ளைகள் மனசில் பதிந்துவிட்டது. இருந்த ய எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள்.

"இதுக்குத்தான் நான் சொன்னது" என்றார் பண்ணை.

இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில் சொன்னார்: "அம்மா, இப்படி இருந்தால் நான் என்ன எழுதுவது? மூடிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. விழுப்புரத்திலேயே வேலை போட்டுத் தருகிறேன். குடும்பத்தோடு இருக்கலாம்."

யாருக்குக் கிடைக்கும் அந்த யோகம்? நான் டீச்சரைப் பார்த்தேன். குடை சுவரில் சாய்ந்துதான் இருந்தது. ஆனாலும் முதல் தடவையாக அந்தக் கூரைக்குள் அவருடைய பழைய நாக்கு வந்தது.

"எனக்கு ஊரு கெடச்சிடும் ஸார். இந்தப் புள்ளைங்க எங்க போவும்? மல்லாட்டை புடுங்கிக்கினு கெடக்கும். தப்பு அதுங்களுது இல்ல, நான் சொல்லிக் குடுத்தது. பொங்கல் கயிச்சு வந்து பாருங்க. அப்பவும் நாழ்னா நீங்களே பூட்டிடுங்க."

இன்ஸ்பெக்டர் தவணை கொடுத்தார். மறுநாளிலிருந்து வேப்பம்பழம் போயிற்று, விரல் வந்தது. ழ சொல்ல நாக்கு மேலே மடிகிறது அல்லவா? அதற்கு ஆள்காட்டி விரலை மடக்க வேண்டும். ய சொல்ல நாக்கு மடிய வேண்டியதில்லை. அதற்கு விரலை நேரே நீட்ட வேண்டும். "எழுத்தைப் பார். விரல் முதலில், நாக்கு அப்புறம்" என்பார். ஊர் முழுக்க இதே பைத்தியம். ஆடு மேய்க்கிற பையன் விரலை நீட்டி 'வயல்' என்கிறான், மடக்கி 'குழி' என்கிறான். அந்தச் சனிக்கிழமைகளில் மாசிலாமணி வாசலில் தூளி ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். விழுப்புரம் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அவ முடிவு பண்ணிட்டா என்ஜின வெச்சு இழுத்தாலும் வர மாட்டா ஐயா" என்று என்னிடம் சொன்னார். சொன்னபோது அவர் முகத்தில் பெருமைதான் இருந்தது.

பொங்கல் கழிந்து இன்ஸ்பெக்டர் வந்தார். பண்ணையும் தவறாமல் வந்தார். அம்மணி பொங்கலுக்கு எடுத்த கோடிப் பாவாடை கட்டி, வரி வரியாய்ப் பழகிவிட்டு முதல் ஆளாய் எழுந்து நின்றாள். சுத்தமாகப் படிக்கிற பெண். "சரி, இவளே படிக்கட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு உயிர் வந்தது.

"வேண்டாம் ஸார்" என்றார் டீச்சர். "இவள் என் மகள். வீட்டிலும் சொல்லிக் கொடுக்கிறேன். இவள் படித்தால் பள்ளிக்கூடம் படித்ததாக ஆகாது. பொன்னி படிக்கட்டும்."

அடி பாவி, கையில் இருப்பதை விடுகிறாயே என்று எனக்குப் பதறியது. அம்மணி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொன்னி எழுந்தாள். இன்ஸ்பெக்டர் பழைய வரியோடு புதிதாக ஒரு வரியும் சேர்த்து எழுதினார். பொன்னியின் விரல் பாவாடை ஓரத்தில் நீண்டது. "நாய் வயலைத் தாண்டிக் கோயிலுக்குப் போயிற்று." நிறுத்தி மூச்சு வாங்கினாள். விரல் மடிந்து, நீண்டு, மறுபடி மடிந்தது. "கிழவி கோயில் வாசலில் பழம் விற்றாள்."

பண்ணை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்ஸ்பெக்டர் அங்கேயே உட்கார்ந்து, பள்ளிக்கூடம் இங்கேயே நடக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு டீச்சர் அம்மணியை மடியில் இழுத்து உட்கார வைத்து, அவிழாத பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தார். அம்மணி விசும்பிக்கொண்டே, படிக்குள்ளே இருக்கிறோம் என்பதை மறந்து, "அம்மா" என்றாள். "இன்னா கண்ணு" என்றார் அவர்.

நான் வாசலில் நின்று வம்புக்கு இழுத்தேன். "நிசமா சொல்லுங்க டீச்சரம்மா. பொன்னிய எழுப்பி விட்டப்ப மனசுல என்ன இருந்தது? பழமா, பயமா?"

அவர் தலை நிமிரவில்லை. ஒரு கை பின்னலைப் பிடித்திருந்தது. இன்னொரு கையைத் தூக்கி ஆள்காட்டி விரலை எனக்குக் காட்டினார். விரல் நேரே நீண்டிருந்தது.